டெல்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் மட்டும் ஏன் உறைகிறது?

ஊரிலிருந்து டெல்லிக்கு வந்து முதல் டிசம்பரைப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தேங்காய் எண்ணெய் வெள்ளை வெளேரென்று கல்லாகிவிடும், கரண்டிக் காம்பால் குடைந்துதான் தலைக்கு எடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெயோ வழக்கம்போல் ஓடும்.

உறைவது என்றால் திரவம் குளிர்ந்து கெட்டியாவது, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உறைய ஆரம்பித்துவிடும். டெல்லியின் ஜனவரி இரவோ 10 டிகிரிக்கும் கீழே போகிறது.

சரி, நல்லெண்ணெய் ஏன் தப்பிக்கிறது? எண்ணெய் என்பது கண்ணுக்குத் தெரியாத கொழுப்புச் சங்கிலிகளின் கூட்டம். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நேரான சங்கிலிகள். ஈர்க்குச்சிகளைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய துடைப்பமாகிவிடும். நல்லெண்ணெயில் பெரும்பாலானவை வளைந்தவை. வளைந்த முருங்கைக்காய்களை எப்படி அடுக்கினாலும் நடுவே சந்து விழுமே, அதுபோல. அதனால் அது கெட்டியாக 0 டிகிரிக்கும் கீழே போக வேண்டும்.

அப்புறம், உறைந்த எண்ணெயில் மெழுகு கலந்திருக்கிறது, கெட்டுப்போய்விட்டது என்றெல்லாம் நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் அதே பழைய எண்ணெய்தான்.