காணியை ஈடு வைக்கும் முன்

தங்கச்சி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பார்மசி (மருந்தாளர் பட்டப்படிப்பு) கிடைக்கும் போலிருக்கிறது, அப்பாவோ ஒட்டுசுட்டான் வயல் காணியை ஈடு வைத்து இந்தியாவுக்கு அனுப்ப நினைக்கிறார், எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் கிடைத்தால் யாழ்ப்பாணத்துக்கே போங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

இரண்டு நாட்டிலும் பட்டப்படிப்பு 4 வருடம்தான். இங்கே கல்விக் கட்டணம் இல்லை. தகுதி இருந்தால் மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும். அதைவிட முக்கியம் பதிவு. இலங்கை மருத்துவ சபையில் பதியாமல் இங்கே நீங்கள் மருந்தாளராக வேலை செய்ய முடியாது. இந்தியாவில் எத்தனையோ தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே சேர்த்துவிடும் முகவர் சொல்லும் கல்லூரியின் பட்டத்தைச் சபை ஏற்குமா, திரும்பி வந்த பின் என்னென்ன தேவை என்பதைச் சபையிடமே எழுத்தில் கேளுங்கள். முகவரின் வாய்ப்பேச்சை நம்பி ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் பட்டத்துக்குப் பிறகு போகலாம். பிரித்தானியாவில் வெளிநாட்டு மருந்தாளர்களுக்கென்றே ஒரு வருடப் படிப்பு உண்டு. அதன் பின் ஒரு வருடப் பயிற்சியும் பதிவுத் தேர்வும். செலவு அதிகம்தான், ஆனால் அப்போது நீங்களே உழைத்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் முல்லைத்தீவு மாவட்டம், பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் அடங்குகிறது. ஆகவே கொழும்பு மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளியை (அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியை) பார்த்துப் பயப்படாதீர்கள். விண்ணப்பத்தில் பார்மசி உள்ள மற்றப் பல்கலைக்கழகங்களையும் வரிசையாகப் போடுங்கள். பேராதனையிலும் ருகுணுவிலும் அது இருக்கிறது.