புகை வந்த பிபிசி மைக்ரோ

அன்புள்ள அண்ணா,
நான் படிச்ச ஸ்கூல்ல பழைய சாமான ஏலம் விட்டப்ப அப்பா ஒரு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர எடுத்துட்டு வந்தார். இருபது வருஷமா பரண்லயே கெடந்துச்சு. போன வாரம் தூசி தட்டி ஆன் பண்ணேன், எழுத்தெல்லாம் வந்துச்சு, பத்து நிமிஷத்துல இடது பக்கம் டப்புன்னு சத்தம், வீடு பூரா புகை. அம்மா காயலான் கடைல போடுங்கறாங்க. போட்டுடவா?
– ஒரு வாசகர், திருச்சி

தம்பி,

போட்டுடாத. வெடிச்சது அநேகமா பவர் சப்ளைல கரண்ட் உள்ள வர்ற எடத்துல இருக்குற சின்ன கண்டென்சர், மஞ்சளா கண்ணாடி மாதிரி இருக்கும், உத்துப் பாத்தா மேல மயிரிழை மயிரிழையா விரிசல் தெரியும். உள்ள இருக்குறது பேப்பர், அந்த விரிசல் வழியா வருஷக்கணக்கா ஈரத்த இழுத்து வச்சிருக்கும், 230 வோல்ட் பட்டதும் வெடிக்குது. அதோட வேலை கரண்ட்ல வர்ற இரைச்சல வடிகட்டுறது மட்டும்தான், அதனால பல மெஷின்ல அது வெடிச்ச பிறகும் ஸ்கிரீன்ல எழுத்து அப்படியே நிக்கும். இருந்தாலும் மாத்தாம திரும்ப ஆன் பண்ணாத. 0.1 மைக்ரோஃபாரட் ஒண்ணு, 0.01 ஒண்ணு, ரெண்டையும் சேத்து மாத்திடு, மேல எக்ஸ்2ன்னு போட்டிருக்கணும், அது நேரா வீட்டு கரண்ட்ல போடறதுக்குன்னே செஞ்ச ரகம், சாதா கண்டென்சர் கூடவே கூடாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறை காசுக்குக் கெடைக்கும். பிளக்க புடுங்கின பிறகும் பவர் சப்ளைக்குள்ள சார்ஜ் நிக்கும், பழக்கமில்லன்னா டிவி மெக்கானிக் கிட்ட குடுத்துடு.

1984ல மத்திய அரசு கிளாஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுதான் இந்த மெஷினெல்லாம் நம்ம ஸ்கூல்களுக்கு வந்துச்சு. செருப்ப வெளிய விட்டுட்டு ஒரு கீபோர்டுக்கு நாலு பேர் உக்காருவோம், ஆன் பண்ணதும் தாழ்ந்து ஒண்ணு ஒசந்து ஒண்ணுன்னு ரெண்டு சுதியில ஒரு சத்தம் வரும் பாரு, இன்னைக்கும் அதக் கேட்டா எனக்கு தொண்டை அடைக்குது. மொத்த மெமரி 32 கேபி. இந்த மெஷினுக்கு பேசிக்ங்கற புரோகிராம் மொழிய எழுதின சோஃபி வில்சனும், அவங்க கூட வேலை பாத்த ஸ்டீவ் ஃபர்பரும்தான் பின்னால ஆர்ம்ங்கற சிப்ப டிசைன் பண்ணாங்க, அதோட மாடலையே மொதல்ல பிபிசி பேசிக்லதான் எழுதி ஓட்டிப் பாத்தாங்க, உன் போன்ல ஓடுறது அந்த வம்சம். இத எப்படிப்பா எடைக்குப் போட மனசு வரும்?

கண்டென்சர் மாத்தினதும் எழுது. அடியில ஸ்கூல் ஸ்டாக் நம்பர் பெயின்ட்ல எழுதியிருந்தா அத மட்டும் தின்னர் போட்டுத் தொடச்சுடாத.