சவுதியில் ‘நிதாகத்’ என்றால் என்ன? முதலாளிகள் ஏன் அதற்கு அஞ்சுகிறார்கள்?

ஒரு நிறுவனத்தில் சவுதி குடிமக்கள் எத்தனை சதவீதம் இருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கு அரசு ஒரு நிறம் கொடுக்கும் முறைதான் நிதாகத். 2011இல் வந்தது. தொடங்கியபோது, கீழிருந்து மேலாக சிவப்பு, மஞ்சள், பச்சை, பிளாட்டினம் என நான்கு நிலைகள்; சவுதிக்காரர்கள் மிகக் குறைவென்றால் சிவப்பு. தொழிலுக்குத் தொழில் சதவீதம் மாறும்.

காரணம் எளிது. சவுதி இளைஞர்களிடையே அப்போது வேலையின்மை அதிகம். தனியார் வேலைகளில் பெரும்பகுதி வெளிநாட்டவர் கையில். அதைச் சரிக்கட்டும் சுமையை அரசு முதலாளிமேல் வைத்தது.

ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு மீன்வளத்துறை டோக்கன் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். டீசல், ஐஸ், ஆள் எல்லாம் தயாராக இருந்தாலும் டோக்கன் இல்லாமல் படகு கடலுக்குப் போக முடியாது. அதுபோலத்தான், நிறம் சிவப்பானால் பணமும் வேலையும் இருந்தும் புது விசா கிடைக்காது, இருப்பவர்களின் இகாமாவையும் (வெளிநாட்டவர் அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) புதுப்பிக்க முடியாது.

செலவும் ஏறியது. சவுதிக்காரர்களைவிட வெளிநாட்டவர் அதிகமுள்ள நிறுவனம் ஒவ்வொரு வெளிநாட்டு ஊழியருக்கும் கட்டும் மாதக் கட்டணம் 2018இல் 400 ரியால், 2020இல் 800 ரியால். சின்னக் கடைக்காரருக்கு இது பெரிய அடி. கீழக்கரை, தொண்டிப் பக்கம் பலர் ஊர் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

‘நிதாகத் வந்தால் வெளிநாட்டவர் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள்’ என்பது தவறு. அது விகிதக் கணக்குதான், சிவப்பு நிறுவன ஊழியர் முதலாளியின் சம்மதம் இல்லாமலே பச்சை நிறுவனத்துக்கு மாறவும் அதில் வழி வைத்திருந்தார்கள்.