சைவ அம்மாவோடு குவாங்ஜாங் சந்தை

சியோலில் சுற்ற எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் இருக்கிறது, சைவம் சாப்பிடும் அம்மாவைக் குவாங்ஜாங் சந்தைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். 1905இல் தொடங்கிய சந்தை. துணிக்கடைகள் பெரும்பாலும் ஞாயிறு மூடியிருக்கும். சாப்பாட்டுச் சந்து திறந்திருக்கும். ஜோங்னோ 5-கா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான்.

அங்கே ஊறவைத்த பாசிப்பயறைத் திரிகையில் அரைத்து, எண்ணெய் மிதக்க மொறுமொறுவென்று பிந்தேத்தொக் சுடுவார்கள். பார்க்க நம் அடை போலவே இருக்கும், ஆனால் மாவில் பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு. கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள். நூடுல்ஸ் சூப்பிலும் நெத்திலி இருக்கும், கிம்ச்சி என்கிற காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயிலும் பெரும்பாலும் மீன் சாறு உண்டு.

அம்மாவுக்கு என் தேர்வு பூசணிக் கஞ்சி, இல்லையென்றால் சிவப்புப் பயறுக் கஞ்சி. சூடாக, லேசான இனிப்போடு இருக்கும், வயிற்றுக்கும் இதம். அப்புறம், "இறைச்சி, மீன் சாப்பிடமாட்டோம்" என்பதைக் கொரிய மொழியில் போனில் எழுதி வைத்துக் கடைக்கார அம்மாக்களிடம் காட்டுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.