நோட்டீஸ் பலகையும் சித்தப்பாவும்

கேள்வி: எனக்கு 26 வயது. தண்டையார்பேட்டையில் அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம் என்று எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நாங்கள் இந்து. நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் கிறிஸ்தவர், தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் வேலை, ராயபுரத்தில் வாடகை அறை. அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். நியூயார்க்கில் இருக்கும் பெரியம்மா மகள், "முதல்ல மேரேஜ் லைசன்ஸ் வாங்கிடு, ஒரு நாள் வேலைதான்" என்கிறாள். அவருடைய நண்பரோ, கோயிலில் தாலி கட்டி, ரசீதைக் காட்டிப் பதிவு செய்துவிடலாம் என்கிறார். எது சரி? என் சித்தப்பா பத்திரம் எழுதுபவர். நாள் முழுக்க சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்தான் இருப்பார். அவருக்குத் தெரியாமல் முடிக்க முடியுமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். முடியாது. ஏன் என்று பிறகு வருகிறேன்.

உங்கள் அக்கா சொல்வது அவர் ஊருக்குச் சரி. நியூயார்க்கில் லைசன்ஸ் வாங்கி 24 மணி நேரம் கழித்துக் கல்யாணம் செய்யலாம்; 60 நாளுக்குள் செய்யாவிட்டால் அது காலாவதி. நம் ஊரில் மணமக்களுக்கு லைசன்ஸ் என்று ஒன்று கிடையாது. 1872-ம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் லைசன்ஸ் வருகிறது, ஆனால் அது கல்யாணத்தை நடத்தி வைப்பவருக்கு! அந்தச் சட்டப்படி ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் மணம் முடிக்கலாம். ஞானஸ்நானம் கேட்பார்களா என்பதை அவருடைய சபையில்தான் விசாரிக்க வேண்டும்.

கோயில் யோசனையை இன்றே கைவிடுங்கள். இந்து திருமணச் சட்டத்தில் இருவருமே இந்துவாக இருக்க வேண்டும். கிறிஸ்தவர் ஒருவர் இந்துப் பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டி, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவும் செய்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008-ல் அந்தத் திருமணமே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கையில் சான்றிதழ் இருந்தும் பலனில்லை.

உங்களுக்கு ஏற்றது 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். யாரும் மதம் மாற வேண்டாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், இருவருக்கும் உயிரோடு வேறு துணை இருக்கக் கூடாது, தடை செய்யப்பட்ட உறவாக இருக்கக் கூடாது. உங்களில் ஒருவராவது, மணத்தை நடத்தி வைக்கும் திருமண அலுவலரின் (நம் ஊரில் சார்பதிவாளர்தான்) எல்லைக்குள் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நீங்கள் பிறந்த வீட்டிலேயே இருப்பதால் அதில் சிக்கல் இல்லை.

இப்போது சித்தப்பா. "மணம் முடிக்கப் போகிறோம்" என்று நீங்கள் இருவரும் கையெழுத்திட்டுக் கொடுக்கும் நோட்டீஸை அந்த அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டி, 30 நாள் காத்திருக்க வேண்டும். பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பலகையைத் தாண்டித்தானே அவர் டீ குடிக்கப் போவார்? இன்னொன்றும் இருக்கிறது. உங்களவரின் நிரந்தர முகவரி தூத்துக்குடி என்றால், நோட்டீஸின் ஒரு நகல் அங்கேயும் போய் ஒட்டப்படும். சென்னையில் பதிந்தால் ஊருக்குத் தெரியாது என்று நினைத்து வருபவர்கள் நிறைய. இதைச் சொன்னதும் முகம் வாடிவிடும்.

பார்த்துவிட்டு ஆட்சேபணை கொடுத்தால்? "எங்களுக்கு இஷ்டமில்லை", "வேற மதம்" என்பதெல்லாம் செல்லாது. மேலே சொன்ன வயது, முந்தைய மணம், உறவு, அப்புறம் மனநிலை சார்ந்த சில காரணங்கள், அவ்வளவுதான். ஆட்சேபணையை 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். நியாயமில்லாத ஆட்சேபணை என்று தெரிந்தால் கொடுத்தவருக்கு 1,000 ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கலாம். 1954-ல் அது பெரிய காசு.

நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்க வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. டிசம்பர் முதல் வாரத்தில் கொடுத்தால் தை பிறந்ததும் நாள் குறிக்கலாம். அதற்கு முன் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கு மூன்று சாட்சிகள், அடையாள அட்டையோடு. தாலியோ மோதிரமோ உங்கள் விருப்பம். ஆனால் அலுவலர், சாட்சிகள் முன்னால் "இவரை என் சட்டப்படியான கணவராக ஏற்கிறேன்" என்று நீங்களும், அதேபோல அவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பேப்பர்களில் நான் அதிகம் பார்க்கிற வில்லங்கம் இனிஷியல்தான். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதற்குள் பத்து நாள் போய்விட்டது. நோட்டீஸ் எழுதும் முன்பே எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் அடி, மிரட்டல் வரும் என்ற பயம் இருந்தால் விஷயம் வேறு. முதலில் வக்கீலைப் பாருங்கள். போலீஸ் பாதுகாப்பு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, கூச்சம்தான் தெரிகிறது. அதனால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையாவது அம்மாவை விட்டுச் சித்தப்பாவிடம் பேசச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் முறைப்பார். மனசு இறங்கினால் அந்த இனிஷியல் பேப்பர்களை அவரிடமே கொடுத்துவிடலாம்.