கார் பக்கம்: ஊசி ஏறினால் ஓரங்கட்டுங்கள்

கேள்வி: எங்கள் செடானுக்கு 9 வயது. நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் ஊசி மேலே ஏறுகிறது. வேகம் எடுத்ததும் தானாக இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். வண்டி ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது அந்த வேலை ஃபேனுடையது. நின்றால் மட்டும் சூடேறுகிறது என்கிறீர்கள், அதனால் என் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விடாமல் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். செலவும் அந்த வரிசையில்தான் கூடும். ஃபேன் நன்றாகச் சுற்றினால், எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) அளவையும் ரேடியேட்டர் முகப்பில் அடைந்திருக்கும் தூசியையும் பாருங்கள். ரேடியேட்டரை மாற்றும் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதைச் சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பல வருஷங்களுக்கு முன் என் காரில் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்து, ஊசி சிவப்புக்குப் போனது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினேன். மறுநாள் ஆயில் மூடியைத் திருகி எடுத்தபோது அதன் அடியில் வெளிர் பழுப்பு நிறத்தில் நுரைத்த குழம்பு ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போய், அலுமினிய சிலிண்டர் ஹெட்டும் வளைந்திருந்தது. கையளவு ஹோஸோடு முடிய வேண்டிய செலவு, எஞ்சினைப் பாதி பிரிக்கும் செலவாகிவிட்டது. ஊசி ஏறினால் ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

கேள்வி: சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்பக்கம் 'கட கட' என்கிறது. நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா? பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கிறதா? இரண்டுமே இல்லையென்றால் முதலில் லிங்க் ராடைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் பந்து போன்ற மூட்டு உள்ள சின்னக் கம்பி அது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, கையால் பிடித்து ஆட்டினால் தேய்ந்த மூட்டு லொட லொடவென்று ஆடும். அடுத்து லோயர் ஆர்ம் புஷ். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கம்பி வண்டியோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் அது. ரப்பர் கிழிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். இவற்றின் விலை நான்கு ஷாக் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கிழிந்த புஷ்ஷை அப்படியே விட்டால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) கெட்டு டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

கேள்வி: கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டதாம். பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றலாம் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை, இது நியாயமான யோசனை. கிளட்ச்சைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கூலியில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. பிளேட்டை மட்டும் மாற்றி, ஆறு மாதத்தில் ரிலீஸ் பேரிங் (கிளட்ச்சை மிதிக்கும்போது வேலை செய்யும் பேரிங்) கத்த ஆரம்பித்தால் அதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். மூன்றையும் செட்டாகவே மாற்றுங்கள். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உராயும் பகுதி ரிவெட் தலைவரை தேய்ந்திருந்தால் மாற்றியது சரிதான்.