"எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறதுதானே?"

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு ஒன்றரை வயது, எடை 10 கிலோ. ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. இரும்புச்சத்து சிரப் கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போனதும் பயந்து ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டேன். "இந்த வயசுல எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறதுதான், வளர்ந்தா சரியாகும்" என்கிறார் மாமியார். சோறு வேண்டாம் என்கிறான். பால் மட்டும் நான்கைந்து டம்ளர் குடிப்பான். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம் அம்மா, 9.2 என்றால் ரத்தசோகை. மாமியார் சொன்னதில் முதல் பாதி கிட்டத்தட்ட உண்மை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கேரளத்தில் 39, எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் 57. அது விரல் நுனியில் குத்திப் பார்த்த கணக்கு. ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்த 2016-18 ஆய்வில், ஒன்று முதல் நான்கு வயதுவரை 41 சதவீதம்தான். குறைவான கணக்கை எடுத்தாலும் ஐந்தில் இரண்டு பிள்ளைகள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் இதே மாதிரி வெளிறி இருந்தால் யார் கண்ணிலும் அது படாது.

இரண்டாம் பாதியை நான் ஏற்க மாட்டேன். மூளை வேகமாக வளரும் வயது இது. தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்க இது நேரமில்லை.

எனக்குச் சந்தேகம் அந்தப் பால் மேல்தான். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, வயிற்றையும் அடைத்துவிடும். அப்புறம் சோறு எப்படி இறங்கும்? இரண்டு டம்ளருக்கு, அதாவது 400 மில்லிக்கு மேல் வேண்டாம். அதையும் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். முட்டை, மீன், ஆட்டு ஈரல், பருப்போடு மசித்த முருங்கைக்கீரை என்று பழக்குங்கள். கீரை, பருப்பில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் சத்து நன்றாகச் சேரும். அங்கன்வாடியில் தரும் அமிர்தம் பொடியையும் காய்ச்சிக் கொடுக்கலாம். டீ வேண்டவே வேண்டாம்.

கறுப்பு மலத்துக்குப் பயப்படாதீர்கள். உடம்பில் சேராத இரும்புதான் அப்படி வெளியேறுகிறது. ஆனால் பாட்டிலைக் கொஞ்சம் பாருங்கள். ஆஷா ஊழியர் தரும், வாரம் இருமுறை 1 மில்லி சிரப் நோய் வராமல் தடுக்கத்தான், 9.2-க்கு அது போதாது. சிகிச்சைக்கு எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம், உங்கள் மகனுக்கு தினமும் சுமார் 30 மில்லிகிராம் இரும்பு போக வேண்டும். டிராப்ஸ், சிரப் என ஒவ்வொன்றிலும் அளவு வேறு என்பதால், எத்தனை மில்லி என்பதை பாட்டிலைக் காட்டி உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். பாலோடு கலக்காமல், பல்லில் கறை படியாதபடி நாக்கின் பின்பக்கம் விடுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருந்தால் மருந்தை இன்னும் இரண்டு மாதமாவது தொடர வேண்டும். ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறா என்று பார்க்க வேண்டும். அட்டப்பாடி, வயநாடு பழங்குடிக் குடும்பங்களில், அதேபோல் பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தசோகையும் உண்டு. உறவில் யாருக்காவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ பால் குடிக்கவே தெம்பில்லாமல் சோர்ந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிரப் இனிக்கும். அவன் பாட்டிலோடு ஒரே மூச்சில் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.